தேவன் சாத்தன் போட்ட கட்டம்

பழைய பேப்பர் கடையோ பழைய இரும்புக் கடையோ ரோட்டோரம் தெரிஞ்சாப் போதும், என் வண்டி தானா ஸ்லோ ஆயிரும். பெருந்துறை, சென்னிமலை, காங்கயம், இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கடை எப்ப தொறப்பாங்க, எந்தக் கடைக்காரர் மூட்டை மேல ஏறிப் பாக்க விடுவாரு, எல்லாம் எனக்கு அத்துபடி. "என்ன அம்மிணி வேணும்?"னு கேப்பாங்க. "தெரியலீங்ணா, பாத்தாத்தான் தெரியும்"னு சொல்லுவேன். ஆரம்பத்துல ஒரு மாதிரியாப் பாத்தவங்கதான், இப்ப எனக்குன்னே ஒரு மூலையில சிலதை ஒதுக்கிப் போட்டு வெக்கறாங்க. அந்தப் பிரியத்துக்கு நான் என்ன செய்ய முடியும், அவங்க ஊட்டுக் கொழந்தைகளை பேனாவுல வரைஞ்சு குடுத்திருக்கேன், அதை சாமி படத்துக்குப் பக்கத்துலயே ஒட்டி வெச்சிருக்காங்க.

நான் படம் வரையறவ. அதுதான் சோறு போடுது, அதுதான் தூக்கத்தைக் கெடுக்குது. ஆனா ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா மொதல்ல கேக்கறது, படம் வரையறவளுக்கு இத்தனை பழைய கேசட்டு எதுக்கு, இந்த ஓட்டை போட்ட அட்டைக் கட்டு எதுக்கு, ஒடைஞ்ச பாட்டுப் பிளேட்டு எதுக்குன்னு. நின்னுக்கிட்டே பதில் சொல்ற கேள்வி இல்ல அது, அதனாலதான் இங்க உக்காந்து எழுதறேன். எனக்குக் கண்ணும் காதும் தனித்தனியா வேலை செய்யறதில்ல. ஒரு நெறத்தைக் கலக்கறப்ப ஒரு சத்தம் கூடவே வரும், ஒரு தாளம் கேட்டா கை கோடு போட ஆரம்பிச்சிரும். ரெண்டையும் இணைக்கற கண்ணி பெரும்பாலும் நானாத் தேடிப் போனதா இருக்காது, வழியில கெடந்ததாத்தான் இருக்கும்.

மொதல்ல ஒரு காலண்டர். அடிப்பக்கம் கரையான் அரிச்ச முருகன் படம், தேதி கிழிக்கற பகுதி போயிருச்சு, கடை பேரும் போயிருச்சு. கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898–1976) வழி வந்த யாரோ ஒருத்தர் கை அதுன்னு மொகத்தைப் பாத்ததுமே தெரியும், அந்தக் கன்னம், அந்தக் கண்ணு, வேல் மேல படற அந்த வெளிச்சம். அவரும் அவரோட சீடர்களும் வரைஞ்சு சிவகாசியில அச்சான படங்கதான் நம்ம ஊட்டு சாமிகளுக்கெல்லாம் மொகம் குடுத்துச்சு. எங்க அப்புச்சி ஊட்டுத் திண்ணைச் செவுத்துல வரிசையா அந்தக் காலண்டர்கதான் இருக்கும், வருசம் முடிஞ்சாலும் கழட்ட மாட்டாங்க. நான் செஞ்சது என்னன்னா, ஒரு பூதக்கண்ணாடி எடுத்து அந்த முருகன் கன்னத்தைப் பாத்தேன். கன்னமே இல்ல! பூராவும் புள்ளி. நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு, நாலே நாலு மை, புள்ளிப் புள்ளியா பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்குது, கண்ணாடிய எடுத்தா திரும்ப முருகன் சிரிக்கறாரு. நாலு கலர் அச்சு எப்பிடி வேலை செய்யும்னு படிச்சிருக்கோம்தான், ஆனா ஒரு சாமியோட கன்னத்துல அதைப் பாக்கறது வேற. ராத்திரி சாப்பாடு மறந்து அதையே பாத்துக்கிட்டிருந்தேன். இந்த நாலு கலர் விசயம் பின்னாடி இன்னொரு எடத்துல வரும், அதான் இங்கயே சொல்லி வெச்சுக்கறேன்.

நெறத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சாச்சு, காங்கயம் மாட்டைச் சொல்லாம போக முடியாது. இந்த மாட்டோட கன்னு பொறக்கறப்ப செவப்பா இருக்கும். ஆறு மாசம் ஆகறப்ப அந்தச் செவப்பு போயி சாம்பல் நெறம் வந்திரும், நம்மாளுங்க மயிலைன்னு சொல்ற நெறம். காளைகளுக்கு திமிலும் கழுத்தும் பின்பக்கமும் கருத்துக்கிட்டே போகும். மாடு மேய விடற கொரங்காட்டுல கிளுவை வேலிக்கு உள்ள, வெள்வேல மரத்து நெழல்ல, கொழுக்கட்டைப் புல்லு மேஞ்சுக்கிட்டு நிக்கற மாடுகளை எத்தனையோ பேர் வரைஞ்சிருக்காங்க, ஆனா எனக்கு உசிரு அந்த நடுவுல இருக்கற கன்னு மேலதான். நாலு மாசம், அஞ்சு மாசக் கன்னு. செவப்பு இன்னும் முழுசாப் போகல, சாம்பல் இன்னும் முழுசா வரல. காதோரமும் கால் முட்டிகிட்டயும் செவப்பு ஒட்டிக்கிட்டு இருக்கும், முதுகுல சாம்பல் வந்திருக்கும், வெயில் சாஞ்சு விழறப்ப அந்த சாம்பலுக்கு அடியில இருந்து செவப்பு கசியற மாதிரி ஒரு ஒளி.

இதை வாட்டர்கலர்ல புடிக்கறதுக்கு எனக்கு ஒரு வழி இருக்குது. கருப்பையும் வெள்ளையையும் கலந்து சாம்பல் பண்ணவே கூடாது, அதுல உசிரு இருக்காது. மொதல்ல கன்னு உடம்பு பூராவும் பர்ண்ட் சியன்னாங்கற செம்பழுப்பை தண்ணியா ஒரு பூச்சு. நல்லாக் காயணும், அவசரப்பட்டு ஹேர் டிரையர் புடிச்சா பேப்பர் ஏத்துக்கறது வேற மாதிரி ஆயிரும், காத்துலயே காயட்டும். அப்புறம் அல்ட்ராமரைன் நீலமும் பர்ண்ட் அம்பர்ங்கற கரும்பழுப்பும் கலந்த சாம்பலை அது மேல ஒரே இழுப்புல போடணும், ரெண்டாந்தரம் பிரஷ்ஷ கொண்டு போனா அடியில இருக்கற செவப்பு கலங்கி சேறாயிரும். நீலம் தூக்கலா இருந்தா காலை வெயில், அம்பர் தூக்கலா இருந்தா பொழுதோட. சித்திரை மாசம் கண்ணபுரம் மாரியம்மன் தேர் நோம்பிய ஒட்டி நடக்கற மாட்டுச் சந்தைக்குப் போனா, வெடியால இருந்து பொழுது சாயற வரைக்கும் இந்த சாம்பலோட அத்தனை வகையும் ஒரே மைதானத்துல ஒட்டுக்கா நிக்கும். புழுதி வேற. புழுதி வழியா பாக்கறப்ப மயிலை நெறம் லேசா ஊதாவுக்குப் போகுது, அதை நான் சந்தையிலதான் கத்துக்கிட்டேன், எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

அந்த சந்தைக்குப் போயிட்டுத் திரும்பறப்ப வெள்ளகோவில் பக்கம் ஒரு கடையில கெடைச்சதுதான் அந்தக் கேசட்டு. ஒரு மஞ்சப்பை நெறைய கேசட்டு, எல்லாம் சினிமாப் பாட்டு, நடுவுல ஒண்ணுல மட்டும் நீல இங்க்ல "அண்ணமார் கதை 3"னு எழுதியிருந்துச்சு, நம்ம பொன்னர் சங்கர் கதைதான். ஒண்ணும் ரெண்டும் இல்ல, நாலும் இல்ல, மூணு மட்டும்தான். ஊட்டுக்கு வந்து பாத்தா டேப்பு ஒட்டிக்கிட்டு சுத்தல, உள்ள இருக்கற அந்தக் குட்டி ஃபெல்ட் துண்டு உதுந்து போயிருக்குது. பழைய தொப்பியில இருந்து ஃபெல்ட்டை ஒரு துணுக்கு வெட்டி ஒட்டி, பென்சில் வெச்சு முன்னும் பின்னும் நாலு தடவை சுத்தி விட்டு, போட்டேன். பாடிருச்சு.

உடுக்கடிப் பாட்டு. யாரோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு நோம்பியில, யாரோ டேப் ரெக்கார்டரை முன்னால வெச்சு பதிஞ்சது. முன்பாட்டுக்காரர் ஒரு அடி விட்டா பின்பாட்டுக்காரர் அதோட வாலைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போறாரு. நடுவுல நாய் கொரைக்குது. ஒரு அம்மா "டீ வந்திருச்சு, ஆருக்கு வேணும்"னு கேக்கறாங்க. பாட்டு நிக்கல. கதை அண்ணமாரோட தங்கச்சி தங்காள் பொலம்பற எடத்துக்கு வர்றப்ப உடுக்கை சத்தம் மட்டும் தனியா ஒரு நேரம் நிக்குது பாருங்க, எனக்கு அதைச் சொல்ல வார்த்தை வரல.

உடுக்கையோட இடுப்புல கயிறு ஓடும், அதை விரலால அழுத்தினா தோலு இறுகும், சத்தம் மேல போகும், விட்டா எறங்கும். அதாவது ஒரே அடியில அழுகை மாதிரி ஒரு வளைவு வரும். இந்தக் கேசட்டைப் போட்டுக்கிட்டு கரித்துண்டுல வரைய ஆரம்பிச்சப்பதான் என் கோடு மாறுச்சு. அழுத்தி ஆரம்பிச்சு, நடுவுல விட்டு, திரும்ப அழுத்தி முடிக்கற கோடு. முந்தியெல்லாம் ஒரே கனத்துல போடுவேன். படுகளம் வரிசைன்னு ஒரு தொகுப்பு பண்ணியிருக்கேன், கதையில வீரங்க விழற எடத்தை உடுக்கடிக்காரர் பாடறப்ப ஊர்க்காரங்க அருள் வந்து அப்பிடியே பொணம் மாதிரி சாய்வாங்க, அவங்களைக் கெடத்தி வெச்சு, அப்புறம் எழுப்புவாங்க. சாஞ்சு கெடக்கற ஒடம்புகளை வரையறதுக்கு கோட்டுல கனம் ஏறி எறங்கணும், அதைக் கத்துக்குடுத்தது அந்தக் கேசட்டு.

கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்துல வந்து தங்கி, 1965-ல இதே கதைய உடுக்கடிக்காரங்க பாடப் பாட டேப்புல பதிஞ்சாங்க. பிற்பாடு இந்தக் கதைய படக்கதையாவும் அனிமேஷனாவும் கொண்டு வந்தாங்க. அந்தம்மா பதியலைன்னா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே பதறுது. ஆனா அவங்க பதிஞ்சதுக்கு இருக்கற மதிப்பு, பேரு தெரியாத ஒருத்தர் "டீ வந்திருச்சு"வோட சேத்துப் பதிஞ்ச என்னோட மூணாம் நம்பர் கேசட்டுக்கும் இருக்குதுன்னுதான் நான் சொல்லுவேன். ஒண்ணு, ரெண்டு, நாலு யார் ஊட்டு அட்டாலியிலயாவது கெடக்கலாம். பழசு கழிக்கறப்ப ஒரு தடவை பாத்துட்டுப் போடுங்க.

ஒடைஞ்ச பிளேட்டு கே.பி. சுந்தராம்பாள் பாடினது. கொடுமுடியில பொறந்தவங்க (1908–1980), எங்க மண்ணுக் கொரல். மைக் இல்லாத காலத்துல நாடகக் கொட்டாயோட கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரி பாடிப் பாடி வளந்த தொண்டை. நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற அரக்குப் பிளேட்டு, ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பாட்டு. எனக்குக் கெடைச்சது நடு வரைக்கும் விரிசல், எந்த ஊசியும் அதுல ஓடாது. பாட்டை மத்த வழியில கேட்டுக்கலாம், பிளேட்டை நான் வெச்சிருக்கறது பாக்கறதுக்கு. டேபிள் லைட்டை சாய்ச்சு வெச்சா பள்ளங்க தெரியும், கொரல் ஓங்கற எடத்துல பள்ளம் அலையுது, அமைதியான எடத்துல நேரா ஓடுது. ஒரு மனுசி தொண்டையத் தொறந்தது கோடா நிக்குது. பென்சில்ல அந்தக் கோடுகளை பெருசு பண்ணி வரைஞ்சு செவுத்துல மாட்டியிருக்கேன்.

ஓட்டை போட்ட அட்டைக் கட்டு சென்னிமலையில கெடைச்சது. தறி நெறைய இருக்கற ஊரு, போர்வை, பெட்ஷீட்டு. தெருவுல நடந்தா இந்தப் பக்கம் கைத்தறி ஒரு தாளம், அந்தப் பக்கம் விசைத்தறி வேற தாளம், ரெண்டும் சேராம ஓடறப்ப மூணாவதா ஒண்ணு கேக்கும். தறி மேல ஜக்கார்டு பெட்டி இருக்கும், அதுல அட்டைங்க கயித்துல கோத்து மாலையாத் தொங்கும். ஓட்டை இருக்கற எடத்துல நீளவாக்குல ஓடற பாவு நூலு மேல எந்திரிக்கும், ஓட்டை இல்லாத எடத்துல எந்திரிக்காது, அவ்வளவுதான் சூத்திரம். ஒரு அட்டை ஒரு ஓட்டத்துக்கு. பூவு, மயிலு, பேரு, எல்லாமே ஓட்டை இருக்குது இல்லைங்கற கணக்குதான். பழைய டிசைன் ஓடலைன்னா அட்டைய எடைக்குப் போட்டுருவாங்க, நான் எடைக்கே வாங்கிக்கிட்டேன். வெயில்ல புடிச்சா செவுத்துல புள்ளி வெளிச்சம் விழும். பாதி அட்டைய வரிசையாப் பரப்பி அது மேலயே கரியில வரைஞ்சிருக்கேன், ஓட்டை வர்ற எடத்துல கோடு அறுந்து அறுந்து தொடரும். அறுந்த எடத்தை பாக்கறவங்க கண்ணே ஒட்ட வெச்சுக்கும், முருகன் கன்னத்துல நடந்ததும் அதேதான.

எல்லாக் கண்டெடுப்பும் சந்தோசமானது இல்ல. கோயமுத்தூருக்கு மேக்கால வாளையார் போற பக்கம் குமிட்டிபதின்னு ஒரு ஊரு, அங்க பாறைக் குகையில வெள்ளை நெறத்துல தீட்டின பழங்கால ஓவியங்க இருக்குது. யானை உருவம் இருக்குது. அந்தக் கை ரொம்ப நிச்சயமான கை, பாத்தா ஒடம்பு சிலிர்க்கும். அது பக்கத்துலயே, சில எடத்துல அது மேலயே, பெயிண்டுலயும் கல்லால கீறியும் இன்னாரு இன்னாருன்னு பேரு, ஹார்ட்டு, அம்பு. நான் அங்கயே உக்காந்து அழுதுட்டேன். நோம்பிக்கு வெள்ளையடிச்சு செம்மண் பட்டை போடற ஜனங்க நாம, செவுத்தை மதிக்கத் தெரிஞ்சவங்க. அந்தப் பாறையும் நம்ம ஊட்டுச் செவுருதான்னு பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு சொல்லிக் குடுங்க. நொய்யல் ஆத்தைப் பத்தியும் எழுதோணும்னா எழுதலாம், சாயம் ஓடின காலத்துல அந்தத் தண்ணியோட கலரைப் பாத்து ஓவியருங்கற மொறையில எனக்கு கலர் மேலயே வெறுப்பு வந்துச்சு. அது தனிக் கதை.

கோயமுத்தூர் பக்கத்துல பேரூர் கோயிலுக்குப் போனா எல்லாம் சரியாயிரும். கனகசபை மண்டபத்துத் தூணுகளைப் பத்தி ஏகப்பட்ட பேர் எழுதியாச்சு, நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். யானைத் தோலை உரிச்சுப் போத்திக்கிட்டு ஆடற சிவன் சிலைகிட்ட வெடியால நேரத்துல நில்லுங்க. நாதஸ்வரம் ஒலிக்கற நேரமா இருந்தா இன்னும் நல்லது. நான் நோட்டுல அந்தக் கையிகளை மட்டும் வரைவேன், ஒடம்பை விட்டுருவேன். கையி எல்லாம் வேற வேற வேகத்துல இருக்குது, ஒரே தாளத்துல இல்ல. கல்லு செதுக்கினவருக்கு மேளம் தெரிஞ்சிருக்கோணும், தெரியாம அது வராது.

இப்ப அறச்சலூருக்கு வர்றேன். இத்தனை நேரம் எழுதினதே இதுக்குத்தான்.

ஈரோட்டுல இருந்து காங்கயம் போற ரோட்டுல அறச்சலூர் இருக்குது. பக்கத்துல ஓடாநிலை, தீரன் சின்னமலை கோட்டை இருந்த ஊரு, பஸ்ஸுல போறவங்க அதைத்தான் காட்டுவாங்க. நான் அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு, கன்னு வரையறதுக்காகப் போனேன். கன்னு அன்னைக்கு நிக்கவே இல்ல, துள்ளிக்கிட்டே திரிஞ்சுது. சரின்னு சாளைத் திண்ணையில உக்காந்து மோர் குடிச்சுக்கிட்டிருக்கறப்ப அந்தத் தோட்டத்து அய்யா, "ஏங்கண்ணு, நீ பாட்டு கீட்டெல்லாம் கேப்பயாமா, அந்த மலையில கல்லுல பாட்டு எழுதியிருக்குதாமா, நீ பாத்ததில்லயா?"ன்னு கேட்டாரு. கையில மோர் சொம்பு அப்பிடியே நின்னுருச்சு.

நாகமலைச் சரிவுல இருக்கற குகை அது. புலவர் செ. இராசு 1960-களோட தொடக்கத்துல கண்டுபுடிச்சு உலகத்துக்குச் சொன்னாரு. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளுக்காக காடு மேடெல்லாம் நடந்த மனுசன், அவரு காலுக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கோம். தமிழிங்கற பழைய தமிழ் எழுத்து, அதுக்குப் பின்னால வந்த வட்டெழுத்துப் பக்கம் சாய ஆரம்பிச்ச வடிவம். காலம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுன்னு ஒரு சாராரும், 4-ஆம் நூற்றாண்டுன்னு ஒரு சாராரும் சொல்றாங்க. எப்பிடிப் பாத்தாலும் ஆயிரத்தி அறுநூறு வருசத்துக்குக் கொறையாது. அதுல இருக்கறது இதுதான்:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

அஞ்சுக்கு அஞ்சு கட்டம். எடமிருந்து வலம் படிச்சாலும், வலமிருந்து எடம் படிச்சாலும், மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல எப்பிடிப் படிச்சாலும் அதேதான். ஆடறதுக்கு வாயில சொல்ற தாளச் சொல்லுக்கட்டு. பக்கத்துலயே இதை அமைச்சவரு பேரும் வெட்டியிருக்குது, மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன்னா நாணயம், மணி இதுகளோட தரத்தை சோதிச்சுச் சொல்றவரு. அதாவது ரத்தினக் கல்லைக் கையில எடுத்து, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து, இது நல்ல கல்லு இது மட்டக் கல்லுன்னு சொல்ற தொழில்காரரு. இங்க இருந்து தூரமில்ல கொடுமணல், சென்னிமலைக்கு மேக்கால நொய்யல் கரையில. பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊரு. பச்சைக்கல்லு, பளிங்கு, நீலக்கல்லு எல்லாம் அறுத்து மணி கோத்து அனுப்பின எடம்னு அகழாய்வுல தெரிய வந்துச்சு. காங்கயம் பக்கம் இன்னைக்கும் கல்லு யாவாரம் நடக்குது. அப்பிடிப்பட்ட பூமியில, கண்ணை வெச்சுப் பொழைச்ச ஒருத்தரு, தாளத்தை எடுத்து கட்டமாப் போட்டு கல்லுல வெட்டி கீழ கையெழுத்தும் போட்டிருக்காரு. கண்ணும் காதும் எனக்கு மட்டும் ஒண்ணா வேலை செய்யல, இந்த மண்ணுல அது ரொம்பப் பழைய பழக்கம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இந்தப் பக்கத்துல விசயமங்கலத்துக்காரரான கொங்குவேளிர் எழுதின பெருங்கதையிலயும் உதயணன் கோடபதி யாழை வாசிச்சு யானைய அடக்குவான். பாட்டு இங்க எப்பவுமே ஒரு பொருள் மேல வேலை செஞ்சிருக்குது.

ஊட்டுக்கு வந்து தூக்கம் வரல. கிராஃப் பேப்பர் எடுத்து அந்த 25 கட்டத்தைப் போட்டேன். எழுத்து நாலுதான், த, தை, தா, தே. நாலு எழுத்துக்கு நாலு கலர் எடுத்துக்கிட்டேன், முருகன் கன்னம் ஞாபகத்துல. த-வுக்கு கருப்பு, தை-க்கு மயிலை சாம்பல், தா-வுக்கு செம்மண், தே-வுக்கு மஞ்சள். எழுத்தைப் பாத்துப் பாத்து ஒவ்வொரு கட்டமா நெரப்பிக்கிட்டே வந்தேன். மூணாவது வரிசை நெரப்பறப்பவே கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு.

நடு மையத்துல ஒரு தை. அதைச் சுத்தி மேல, கீழ, எடம், வலம் நாலு தே. அதைச் சுத்தி எட்டு தா, சாஞ்ச சதுரமா, கூர்முனை மேலயும் கீழயும் வர்ற மாதிரி. அதுக்கு வெளிய எட்டு தை. நாலு மூலையில மட்டும் த. கலர் போட்டதும் அந்தக் கட்டத்துக்குள்ள இருந்து ஒரு டைமண்டு எந்திரிச்சு நிக்குது, ஒண்ணுக்குள்ள ஒண்ணா! எழுத்தாப் படிக்கறப்ப இது தெரியாது, திருப்பிப் படிச்சாலும் அதேதான் வருதுன்னு மட்டும்தான் தெரியும். கலராப் பாத்தாத்தான் வடிவம் தெரியுது. தேவன் சாத்தன் இந்த வடிவத்தை மனசுல வெச்சுத்தான் அமைச்சாரான்னு கல்லுல எழுதலை. ஆனா கல்லுகளைக் கண்ணுகிட்ட புடிச்சுப் பாத்தே பழகின ஒருத்தருக்கு இது தெரியாம இருந்திருக்கும்னு என்னால நம்ப முடியல.

அடுத்து இது எப்பிடிக் கேக்கும்னு தெரிஞ்சாகணும். எனக்குத் தெரிஞ்ச உடுக்கடிக்கார அப்பாரு ஒருத்தர், காங்கயத்துக்கு அக்கட்டால இருக்காரு, வயசாயிருச்சு, இன்னும் வெரலு சுத்தம். எழுதிக் கொண்டு போயி குடுத்தேன். "இதென்ன சாமி, பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கற மாதிரி இருக்குது"ன்னாரு. அப்புறம் வாயில சொல்லிப் பாத்தாரு. ஒரு வரிக்கு அஞ்சு எழுத்து, அஞ்சு அடி, அஞ்சஞ்சா நேரா வாசிச்சாரு, அது ஒரு நடை, கால் தானா ஆடுது. நான் இன்னொண்ணு கேட்டேன், குறிலுக்கு ஒரு மாத்திரை நெடிலுக்கு ரெண்டு மாத்திரைன்னு கணக்கு வெச்சா என்ன ஆகும்னு. மொத வரி த தை தா தை த, குறில் ரெண்டு நெடில் மூணு, எட்டு மாத்திரை. ரெண்டாவது வரியில குறிலே இல்ல, பத்து. மூணும் நாலும் பத்து. அஞ்சாவது திரும்ப எட்டு. அப்பாரு கண்ணை மூடிக்கிட்டு வாசிச்சாரு. எட்டுல ஆரம்பிச்சு, பத்துல விரிஞ்சு, கடைசியில எட்டுல வந்து மூடுது. ரெண்டு பக்கமும் மூலையில நிக்கற த-தான் அந்தச் சுருக்கத்தைக் குடுக்குது, என் படத்துல கருப்பா நிக்கற மூலைங்க. "இது நல்லா இருக்குது, இதைத்தான் ஆடியிருப்பாங்க"ன்னாரு. அஞ்சடி நடைதான் சரின்னு அவரு பேரன் சொல்றான், பையன் தவில் கத்துக்கறவன். ரெண்டு பேருக்கும் ஒத்தே வரல. நான் ரெண்டையும் ஃபோன்ல பதிஞ்சு வெச்சிருக்கேன், கேட்டுக்கிட்டே அந்தக் கட்டத்தை பெருசா, கேன்வாஸ்ல, ஆயில்ல பண்ணிக்கிட்டிருக்கேன். மத்தியானத்துல அஞ்சடி நடை, ராத்திரியில எட்டு-பத்து. ரெண்டு நேரமும் போடற பிரஷ் தடம் வேற வேறயா வருது, கிட்ட போயி பாத்தா தெரியும்.

படம் முடியறதுக்குள்ள இன்னொரு ஆசை வந்திருச்சு. சென்னிமலையில எனக்கு அட்டை எடைக்குப் போட்ட அண்ணன்கிட்டயே கிராஃப் பேப்பரைக் கொண்டு போயி, இதைத் தறியில ஏத்த முடியுமான்னு கேட்டேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு ஒரு நேரம் பாத்தாரு. "முழுசுக்கும் அட்டை அடிக்க வேண்டாம் அம்மிணி, நடு வரைக்கும் அடிச்சாப் போதும். அங்கிருந்து அட்டைய ரிவர்ஸ்ல ஓட்டினா மீதி தானா வந்திரும், இது ரெண்டு பக்கமும் ஒரே டிசைன்தானே." படிச்சா முன்னும் பின்னும் ஒண்ணா வர்ற எழுத்தை, அட்டைய முன்னும் பின்னும் ஓட்டியே நெய்யலாம்னு ஒரே பார்வையில சொல்லிட்டாரு. பாவு நூலு சொல்லியாச்சு. கலர்லதான் இழுபறி, தை-க்கு மெரூன் போட்டா எடுப்பா இருக்கும்ங்கறது அவரு கட்சி, எனக்கு மயிலை சாம்பல்தான் வேணும். சாயம் போடறவர்கிட்ட அந்தக் கன்னுக்குட்டி படத்தைக் கொண்டு போயிக் காட்டி இந்தச் சாம்பல் வருமான்னு கேக்கறதா இருக்கேன், பாவு வந்ததும் நோம்பி கழிச்சு தறி ஏத்தறோம்.